அத்தான் நிமிர்த்திய கொடி

விரலகலச் சிவப்புத் தகடு அது. கோளாறு கண்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் கருவியான மின்நிலையத்தின் பாதுகாப்பு ரிலே இயங்கினால் கண்ணாடிக்குள் சட்டென்று விழும். நாங்கள் அதைக் கொடி என்போம். விழுந்ததைப் பதிவேட்டில் குறித்த பிறகே நிமிர்த்த வேண்டும் என்பது விதி. அங்கே ஷிப்ட் பொறுப்பாளராக இருந்த என் அக்காள் கணவர், ஒரு பிற்பகல் குறிக்காமலே நிமிர்த்திவிட்டார். மருத்துவமனை உட்பட வட்டாரமே மின்சாரமின்றிக் கிடந்தபோது அவருக்குப் பேனா தேடத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் அணைத்தது அவரல்ல, நான் செய்து வைத்த வேலை. நிலையத்துக்குள் வரும், போகும் ஒவ்வொரு கேபிளிலும் மின்னோட்டத்தை அளக்கும் சுருள் ஒன்று உண்டு. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்போம். வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை ரிலே சும்மா இருக்கும். புதிய கேபிளுக்குச் சுருள் தேர்ந்தெடுத்த பொறியாளர் நான். பழையவற்றோடு ஒத்த தயாரிப்பு கிடங்கில் இல்லை. மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டும் விகிதம் ஒன்றுதானே என்று வேறொன்றை எடுத்தேன். அதன் கம்பியின் மின்தடையை, அதாவது ரெசிஸ்டன்ஸை, அளக்காமல், பழைய சுருளின் கணக்கை வைத்தே ரிலேயை அமைத்தேன். தைப்பூச விடுமுறைக்குள் முடித்துவிடும் அவசரம். பிறகு சிராங்கூன் சாலையில் மண் தோண்டியவர்கள் அந்தக் கேபிளை வெட்டிவிட்டார்கள். அது மட்டும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். திடீரென்று பாய்ந்த மின்னோட்டத்தை என் சுருள் திணறிக் குறைத்துக் காட்டியதில், கோளாறு நிலையத்துக்குள் என்று ரிலே ஏமாந்து அனைத்தையும் துண்டித்தது.

விசாரணையில் கொடிக்குச் சாட்சி இல்லை. அத்தான் பதற்றத்தில் சுவிட்சுகளைக் கையால் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அதற்குள் நான் சுருளை அளந்துவிட்டேன், தடை இருமடங்கு. அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் வாய் திறக்கவில்லை. அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். நான் பராமரிப்பு என்று சொல்லி ரிலேயைத் திருத்தினேன்.

“கொடி விழுந்துச்சு மாப்ளே, என் கண்ணால பார்த்தேன் லா,” என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“விடுங்க அத்தான்,” என்றேன்.

சில மாதங்களில் பேச்சு மாறியது. “ஒருவேளை நான்தான் திறந்துட்டேனோ என்னமோ. யாரு கண்டா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பதவி உயர்வு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். வந்தது; வந்த பிறகு சொல்ல இன்னும் கூசியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன். இதில் துணிச்சல் ஒன்றுமில்லை.

அவர் உயிரோடிருந்த நாளில், அக்காவும் அவரும் தோ பாயோ வீட்டுக்குக் குடிபோன பின், வெளியே கிளம்பும்போதெல்லாம் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறிப் போய், ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்ப்பார்.

“உங்க அத்தான் கைய அவரே நம்ப மாட்டாரு தம்பி! ஊரையே இருட்டாக்குன கையாச்சே!” என்று அக்கா கேலி செய்வாள்.

அவரும் சிரிப்பார். படியில் காத்து நின்ற நானும் சிரித்தேன்.