இல்லாத இடத்தில் விழுந்த பேண்ட்

என் வீட்டுக்காரர் தூதரகத்தில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால் கேட்பவர்களுக்குக் கண் விரியும். விரிந்த கண்ணை நான்தான் சுருக்கிவிட வேண்டும். காலையில் ஐந்து செய்தித்தாள்களைக் கத்தரித்து ஒட்டுவார். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, அழுது முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். ஊரிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்காக விமான நிலையத்தில் பெயர் அட்டை பிடிப்பார். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு நாடுகள் மாறிவிட்டோம். கத்தரிக்கோல் மட்டும் மாறவில்லை.

என் அப்பா தையல்காரர். அவருக்கு இந்த உத்தியோகம் இன்றுவரை பிடிபடவில்லை. போனை எடுத்தால் முதல் கேள்வி, "மாப்பிள்ளை அங்க என்னதாம்மா பண்றாரு?"

இந்த வருடம் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. புதிதாக வந்த தூதர், தன் நியமனக் கடிதத்தை இந்த நாட்டு அதிபரிடம் நேரில் கொடுக்கும் விழா. அந்தக் கடிதம் வைத்த தோல் உறையைப் பின்னால் ஏந்திச் செல்லும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. அதிபரோடு படமும் எடுப்பார்கள். அப்பாவிடம் சொன்னபோது மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றுபோனது. பத்தாம் நாள் பார்சலில் ஒரு கறுப்பு பேண்ட் வந்தது. அளவே கேட்கவில்லை; கச்சிதமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா அவருக்குத் தைத்த முதல் துணி. மனிதர் அதை மடியில் போட்டு அரைமணி நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

விழா திங்கட்கிழமை. சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு, உறைக்குப் பதில் ஒரு தட்டில் காபி டம்ளரை வைத்து, கூடத்தில் ஒத்திகை நடந்தார். மூன்றாம் சுற்றில் காபி பேண்ட்டில். நான் திட்டிக்கொண்டே, பாக்கெட்டைக்கூடப் பார்க்காமல் அலசி, தூதரக வளாகத்துக்குள்ளேயே இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் காயப்போட்டேன். அடித்த காற்றில் அது கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

அந்தப் பக்கம் இருப்பதும் ஒரு தூதரகம்தான். ஆனால் அந்த நாட்டோடு எங்கள் நாட்டுக்கு ஏழு வருடமாகப் பேச்சு கிடையாது. எங்கள் அலுவலக வரைபடத்தில் அந்த இடத்தைக் காலி மனை என்றே போட்டிருக்கிறார்கள். காலி மனையில் தினமும் யாரோ தும்முவது எங்களுக்குக் கேட்கும்.

வீட்டுக்காரர் தூதரிடம் ஓடினார். தூதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டு ஒரு கடிதம் எழுதினா, அங்க ஒரு ஆபீஸ் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. வேற பேண்ட் பாருங்க."

வேறு பேண்ட்டுக்கு எங்கே போவது? விழாவுக்குக் கறுப்புதான் போட வேண்டும், அவரிடம் இருந்த ஒரே கறுப்பு அதுதான். சனிக்கிழமை மத்தியானம் சாத்திய கடைகள் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் விழாவுக்கென்று இருப்பது ஆளுக்கு ஒரு கறுப்பு பேண்ட்தான். வீட்டுக்காரர் சோபாவில் சரிந்து, "என்னை விட்டுட்டு வேற ஆளைக் கூட்டிட்டுப் போகட்டும். நான் பேப்பர் வெட்டப் பொறந்தவன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதிலோரம் போனேன். அந்தப் பக்கம் ஒல்லியாக ஒரு குமாஸ்தா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களோடு பேசக்கூடாது என்று அவருக்கும் உத்தரவு. நான் என் வாளியைப் பார்த்து, இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த இந்த ஊர் மொழியில் சத்தமாகப் பேசினேன்.

"வாளியே, நேத்து பறந்துபோன பேண்ட் நாளைக்கு வேணும். அது எங்க அப்பா தைச்சது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செடியிடம் சொன்னார்.

"செடியே, நான் அப்பவே குடுத்திருப்பேன். எங்க அதிகாரி அதை ஊடுருவல்னு எழுதி, உறையில போட்டு அரக்கு வெச்சுட்டாரு. பாக்கெட்ல இருந்த சீட்டு என்ன ரகசியம்னு மூணு பேர் ஆராயறாங்க."

"வாளியே, அது மளிகைச் சீட்டு!"

"நானும் அதைத்தான் சொன்னேன் செடியே. யாரு கேக்கறா?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி உள்ளே வந்துவிட்டேன். மாலையில் கொல்லையில் பொத்தென்று சத்தம். மடித்து இஸ்திரி போட்ட ஒரு கறுப்பு பேண்ட். எங்களுடையது இல்லை, அந்தக் குமாஸ்தாவுடையது.

அவர் ஒல்லி, என் வீட்டுக்காரர் அப்படியில்லை. இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை எல்லாம் விட்டுத் தைத்தேன். திங்கட்கிழமை காலை நானும் எங்கள் தூதரக டிரைவரும் சேர்ந்து அவரை அதற்குள் ஏற்றினோம். "பேசாதீங்க. குனியாதீங்க. மூச்சைப் பாதிதான் விடணும்" என்று சொல்லி அனுப்பினேன். பேச்சு இல்லாத நாட்டின் பேண்ட் எங்கள் தூதருக்குப் பின்னால் உறை ஏந்தி நடந்து, அதிபருக்கு வணக்கம் வைத்தது. எதுவும் கிழியவில்லை.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பயந்துகொண்டே போன் செய்தேன்.

"இது நான் தைச்சது இல்லையே" என்றார் எடுத்த எடுப்பில்.

மறைத்துப் பழக்கமில்லை, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"இடுப்பு ரெண்டு அங்குலம் பத்தாதேம்மா அவருக்கு?"

"ரெண்டரைப்பா."

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"ஒண்ணே கால் மணி நேரம்."

"அதுல சிரிச்சுட்டு வேற நிக்கறாரு" என்றார் அப்பா. "மாப்பிள்ளை லேசுப்பட்ட ஆளில்லம்மா. போனை அவர்கிட்ட குடு."