பாதியில் நின்ற கால்வாய்

செங்கல்பட்டில் எங்கள் நகருக்கு நலச்சங்கம் அமைத்தது இரண்டு பெண்கள். ஒருத்தி நான், இன்னொருவர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று அடுத்த தெருவில் குடியிருந்த அக்கா. அவர் செயலாளர், நான் துணை. தெருவிளக்கு, குப்பை வண்டி, கொசு மருந்து என்று எதற்கும் நகராட்சியில் சேர்ந்தேதான் போய் நிற்போம். கூடப்பிறந்தவர்களிடம்கூட நான் அவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை.

எங்கள் தெரு பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடும். நடையாய் நடந்து மழைநீர்க் கால்வாய்க்கு அனுமதி வாங்கினோம். எங்கள் தெருவில் தொடங்கி, அக்காவின் தெரு வழியாகப் போய் ஏரியில் சேர வேண்டும். அதற்கு இரண்டு தெருவிலும் வாசல் படிகளை இடிக்க வேண்டும். யாரும் சம்மதிக்கவில்லை.

"நீ மொதல்ல இடிச்சுக் காட்டும்மா. உன்னப் பாத்து மத்தவங்க வழிக்கு வருவாங்க" என்றார் அக்கா.

இடித்தேன். என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். ஆனால் எங்கள் தெருவில் ஒவ்வொருவராக இடித்தார்கள்.

வேலை தொடங்கியது. மகளுக்கு வரன் அமைய வேண்டித் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது; கால்வாய் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். "நீ போய்ட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தவர் அவர்தான். பெருமாளைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் நாத்தனார் வீட்டில் தங்கித் திரும்பினேன்.

எங்கள் தெருக்கோடியில் கால்வாயைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அக்காவின் தெருவில் ஒரு படிகூட இடிபடவில்லை. மேஸ்திரி சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, பாதியில நிறுத்திட்டீங்க?"

"உங்க சங்கத்தம்மாதான் இத்தோட போதும்னாங்க. உங்களுக்கும் தெரியும்னு சொன்னாங்களே!"

அக்கா வீட்டுக்குப் போனேன். எப்போதும்போல் காபி கொண்டுவந்து வைத்தார்.

"எங்க தெருவுல ஒருத்தரும் ஒத்துக்கலம்மா. நான் இன்னா பண்றது? நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்கணுமே."

"என் மூஞ்சில முழிக்க வேணாமாக்கா?"

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மழை வந்தது. போக வழியில்லாத கால்வாய் நிரம்பி, தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று கத்தினாள்: "உன் பேச்சக் கேட்டுத்தானே இடிச்சோம்! இப்ப வூட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீது பாரு!" வஞ்சித்தது நான் என்றே தெரு நினைத்தது.

அன்று மத்தியானம் சங்கத்தின் சார்பில் சாம்பார் சாதப் பொட்டலங்களோடு அக்கா வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போனார். மாத்திரை, பால் பவுடர், மெழுகுவத்தி எல்லாம் கொடுத்தார், ஒருவரையும் விடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமியார் பசியோடு இருந்ததால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் தெருப் பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். நாங்களே நகராட்சிக்குப் போனோம். அடுத்த மழைக்கு முன், பின்பக்கக் காலி மனைகளை ஒட்டிக் கால்வாய் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போதும் காய்கறிக் கடையில் பார்த்தால் அக்கா நலம் விசாரிப்பார். நானும் பதில் சொல்வேன். சங்கக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.