யோசப்பின் ரீச்சரின் வெள்ளி உப்பு

ரீச்சரின் பெயர் யோசப்பின்; கடற்கரைக் குருநகர்ப் பெண். எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்த முதல் ஆள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவருடைய கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கொடுப்பேன்.

1938இல், தொடங்கி ஒரு வருடமும் ஆகாத அந்த வகுப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. உப்புக் கரைசலுக்குள் மின்சாரம் விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகள் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை ரீச்சர் சிட்டிகையளவு வெள்ளி உப்பைக் கரைத்து, இரண்டு கரிக்கோல்களை நட்டு, பற்றரியைப் பூட்டினார். ஒரு கோலில் வெள்ளி, இலை நரம்பு போலப் படர்ந்தது.

"திங்கட்கிழமை அந்த மனுசன் இதைக் கண்டால் போதும்," என்றார்.

எங்கள் கிணறு கடலை அடுத்தது. அதன் உவர்த் தண்ணீர் பட்டால் வெள்ளி உப்புப் பாலாகத் திரைந்துவிடும். அதற்காகவே மாரி மழைத்தண்ணீரை ஒரு சாடியில் சேர்த்து வைத்திருந்தார்.

திங்கள் காலை ரீச்சர் சாடியை வகுப்புக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்; அது இருந்த இடம் நனைந்து கிடந்தது. பள்ளிக்கூடம் கூட்டுகிற சின்னத்தங்கத்தைக் கேட்டேன்.

"ஓமடி, நான்தான் ஊத்திப்போட்டுக் கிணத்திலை அள்ளி நிரப்பினனான். பெரிய மனுசர் வாற நாளிலை மணக்கிற பழந்தண்ணியோ வைக்கிறது? பாசியும் தேச்சு விட்டனான். ஆரும் ஒரு நல்ல சொல்லுச் சொல்லக் காணேல்லை!"

ஓடினேன். இன்ஸ்பெக்டர் கதிரையில், பக்கத்தில் மடத்துத் தலைவி மதர். ரீச்சர் போத்தலில் மிச்சமிருந்த வெள்ளி உப்பு முழுவதையும் பாத்திரத்தில் கொட்டிச் சாடியைச் சரித்துக்கொண்டிருந்தார். பிற ஆண்கள் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

தண்ணீர் பாலாய்ப் போனது.

ரீச்சர் சாடியை முகர்ந்து பார்த்தார். "தண்ணி மாறிப்போச்சு, சேர். கறியுப்பிலை செய்து காட்டுறன். அஞ்சு நிமிசம்."

"உப்புக் கரைக்கிறதுக்கு ஒரு லபோரட்டரியோ, ரீச்சர்?" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ரை வீட்டுக் குசினி அடுப்படியிலை அதைத்தானே செய்யினம்."

மதர் நிலத்தைப் பார்த்தார். முன்வாங்கில் இருந்த பெர்னடெட் விம்மத் தொடங்கினாள்.

"அழாதை பிள்ளை," என்றார் ரீச்சர் மெதுவாக. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு அழ மட்டுந்தான் தெரியும் எண்டு அதையும் எழுதிப்போடுவார்."

என்ன எழுதினாரோ, அடுத்த தவணையோடு வகுப்பு நின்றது. பெர்னடெட்டுக்குத் தகப்பன் கலியாணம் பேசினார். சின்னத்தங்கத்தை ரீச்சர் ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் கதவடியில் நின்றதைக் கண்டாரோ தெரியாது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு ஏழு வருடம், இளைப்பாறும்வரை, தையல்தான் படிப்பித்தார். பழைய மாணவிகள் யாராவது இரசாயனத்தைப் பற்றிக் கதைத்தால், "அது ஒரு வருசந்தானே," என்று ஊசியில் நூலைக் கோர்ப்பார்.