வின்ச் டிரைவரின் மண்டைக் கட்டி

நான் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் ஒருவர் காதுக்கு மேலே வீக்கத்தோடு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் ஓட்டை தெரிந்தது. மெட்ராஸுக்கு அனுப்பிய சதைத் துணுக்கைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என எழுதிவிட்டார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், புதிய துணுக்கு வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த வாரம் லீவில் நான் ஊருக்குக் கிளம்ப இருந்தேன். "கப்பல்ல நீயே கொண்டு போயிரும்மா" என்றார் சர்ஜன்.

சர்ஜன் புதிய துணுக்கை எடுத்த உடனேயே அதைக் கடுகைவிடச் சிறிதாக நறுக்கி, சதை கெடாமல் காக்கும் மருந்துக் குப்பியில் போட்டேன். குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உறைந்தால் செல்லெல்லாம் கிழிந்துவிடும்.

தலைக்கட்டோடு படுத்திருந்தவர் கூப்பிட்டார். "அக்கா, கேன்சர்னா எங்கிட்டயே சொல்லிருங்க. வீட்ல அவ தாங்க மாட்டா."

"எதுவானாலும் முதல்ல உங்களுக்குத்தான்" என்றேன்.

வடக்கத்திக்காரரான கப்பல் சமையல்காரர் நல்ல மனுஷன். "பெஹன்ஜி, மீன் பெட்டியில வெச்சிடறேன், கல்லாட்டம் இருக்கும்."

"கல்லானா எல்லாம் போச்சு, அண்ணா. உருகின ஐஸ் தண்ணி மட்டும் குடுங்க."

மெட்ராஸ் போய்ச் சேரும்வரை பிளாஸ்க்கில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து, அந்த லேபின் இருட்டறைக்குள் ஒரு டாக்டரம்மா என்னை உட்கார வைத்தார். பச்சையாக ஒளிர்ந்த திரையில் எனக்கு வெளிச்சமும் நிழலுமான குழப்பம்தான் தெரிந்தது. அவர் இன்னும் பெரிதாக்கினார்.

"டென்னிஸ் மட்டை மாதிரி, கைப்பிடியும் தலையுமா, தெரியுதா?"

தெரிந்தது. ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, கீழே மூன்று.

"ஒரு வகை செல்லுக்குள்ள மட்டும்தான் இந்த மட்டைங்க இருக்கும். அந்த செல்லுங்க கூடி எலும்பை அரிச்சதுதான் இந்தக் கட்டி. கேன்சர் இல்ல. சுரண்டி எடுத்துட்டு, கொஞ்சம் கதிர்வீச்சு குடுத்தா எலும்பு வளர்ந்துடும். துணுக்கை நல்லாக் கொண்டு வந்திருக்கீங்க."

நேரே தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு, வின்ச் டிரைவர் பெயரிலேயே அடித்தேன்: கேன்சர் இல்லை, குணமாகும்.

அவர் மெட்ராஸ் வந்து சிகிச்சை முடித்துத் திரும்பினார். சில மாதங்களுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயைச் சர்ஜன் ஜன்னலில் பிடித்து, வார்டில் இருந்த நர்ஸ்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டை ஓரங்களிலிருந்து மூடி வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அடுத்து வாங்க வேண்டியவற்றின் பட்டியலில், என்னைக் கேட்காமலே, துணுக்குப் போடும் அந்த மருந்தையும் இரண்டு பிளாஸ்க்கையும் எழுதி வைத்தார்.