முந்நூறு மீட்டருக்கு ஆறு கொடிகள்

அந்தக் கொடிகளை வெட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழியைப் போட வழியில்லை.

பனியன் கம்பெனியில் இருபது வருடமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். துப்பாக்கி சுடுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். உடுமலைப் பக்கம் நாங்கள் சுடும் மைதானத்தில் குறிப்பலகை முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்குள் குண்டைக் காற்று தள்ளிவிடும். அதனால் வழி நெடுக ஆறு கம்புகளில் துணி நாடா கட்டி வைப்போம். நாடா தொங்கினால் காற்றில்லை. பாதி எழுந்தால் துப்பாக்கியின் குறியைக் காற்றுக்கு எதிராக நகர்த்தும் குமிழை நாலு கிளிக் திருக வேண்டும், படுத்துப் பறந்தால் எட்டு. கொடிக்கு எப்போதும் தடித்த இன்டர்லாக் துணியில்தான் வெட்டுவேன். மாநில அணித் தேர்வுக்கு முந்தைய வாரம் மேசையில் இருந்தது சிங்கிள் ஜெர்சி. லேசான துணிதானே, இன்னும் நன்றாகப் பறக்கும் என்று அதிலேயே வெட்டிவிட்டேன்.

மாநில அணிக்கான அந்தத் தேர்வு எனக்குக் கடைசி. வலது கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை மங்கிக்கொண்டே வந்தது. போன பார்வை திரும்பாது, அடுத்த வருடம் குறிப்பலகை தெரியும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். என் மனைவியைத் தவிர யாருக்கும் இது தெரியாது. ஒரே ஒரு முறை அணிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட வேண்டும். அதற்காக நாய் படாத பாடு பட்டேன்.

அறுபது குண்டுகள். முதல் இருபது அருமையாக விழுந்தன. காற்று இடப்பக்கத்திலிருந்து சீராக அடித்தது, கொடிகள் பாதி எழுந்து நின்றன. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. காற்று குறைகிறது என்று இரண்டு கிளிக் குறைத்தேன். பக்கத்திலிருந்த சின்னத் திரையில் குண்டு வலப்பக்கம் எட்டுப் புள்ளி வளையத்தில் போய் விழுந்தது. அடுத்ததும் எட்டு. கொடியோ இன்னும் தாழ்ந்தது. விசையை நான்தான் வெடுக்கென்று இழுக்கிறேன் போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் படுத்திருந்த பெண் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, காத்தாடியெல்லாம் வெரசாச் சுத்துதுங்க."

தூரத்தில் காற்றாலைகள் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

"அது மேல அடிக்கிற காத்தும்மா. கொடியைப் பாத்துச் சுடு" என்று எரிந்து விழுந்தேன்.

கண்ணை இடுக்கிக் கொடியைப் பார்த்தேன். மெலிந்து, நூல் மாதிரி தெரிந்தது. இன்றைக்கேவா, இன்னும் அரை மணி நேரம் தாங்கக்கூடாதா என்று என் கண்ணிடம் கெஞ்சினேன். ஒரு தடவை வெறுத்துப்போய், கொடி சொன்னதற்கு மேல் நாலு கிளிக் வைத்துச் சுட்டேன். நட்ட நடுவில் பத்து. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்து அந்த நாலையும் திரும்பக் குறைத்தேன். கடைசிப் பத்துக் குண்டுகளை எப்படிச் சுட்டேன் என்று இப்போதும் நினைவில்லை.

மூன்று புள்ளிகளில் போயிற்று. அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் இருந்தது.

எல்லாரும் கிளம்பிய பிறகு கொடிகளை அவிழ்க்கப் போனேன். முதல் கம்பில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. நாடா சுருண்டு கயிறாகியிருந்தது. விரலால் விரித்தேன். விட்டதும் திரும்பச் சுருண்டுகொண்டது. சிங்கிள் ஜெர்சியை வெட்டி இழுத்தால் ஓரம் சுருளும். கட்டிங் டேபிளில் முதல் வாரமே கற்றுக்கொண்டது இது. இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். காலையிலிருந்து காற்று இழுத்து இழுத்து ஆறு நாடாவையும் இப்படி ஆக்கியிருந்தது. கயிறு எங்கே காற்றில் எழும்பும்? மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டையும் தலைமுடியும் படபடவென்று அடித்துக்கொண்டன.

போன் அடித்தது. மனைவி.

"ஏனுங்க, என்னாச்சுங்க? கண்ணு ஏதாச்சும் தொந்தரவு பண்ணுச்சுங்களா?"

கையிலிருந்த நாடாவைப் பார்த்தேன். நான் பார்த்த அதே நூல்தான்.

"இல்ல. கண்ணு சரியாத்தான் காட்டுச்சு. நாந்தான் அத நம்பல."