சூரியத் தட்டில் ஒரு மிளகு

கொடைரோடு நிலையத்தில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தபோது கைப்பேசி ஒலித்தது. சவரிமுத்துவின் மனைவி ரோஸி பேசினார். "சார், இவரு போயிட்டாரு. காலையில பூசைக்குப் போயிட்டு வந்து பேப்பரோட உக்காந்தாரு. காபி ஆறுதுன்னு கூப்டேன், திரும்பல." பிறகு அவரே தொடர்ந்தார்: "கடைசி வரைக்கும் ரெண்டு கண்ணாலயும் படிச்சாரு சார். அத ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் நம் வானியல் மன்றத்தில் ஓரிருவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் நாங்கள் பணியாற்றிய கல்லூரியில் சவரிமுத்து இயற்பியல் நடத்தினார், நான் கணிதம். தொண்ணூறுகளின் இறுதியில், வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்று குறுந்தகட்டில் எங்கள் கைக்கு வந்தது. இயற்பியல் துறையில் இருந்த ஒரே கணினியில் அதை ஏற்றினோம். விண்மீன்களுக்குப் பதிலாகத் திரை முழுவதும் வெள்ளைச் சதுரங்கள் தோன்றின. நானாக இருந்தால் தகட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவரோ நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாத்தீங்களா கணக்கு சார்? சதுரமா இருந்தாலும் எடம் சரியா இருக்கு. இது வானந்தான். முகத்தைக் கழுவி விட்டாப் போதும்." காட்சி அட்டைக்கான இயக்கி மென்பொருளை மாற்றியதும் சதுரங்கள் புள்ளிகளாயின. மிருகசீரிடத்தைக் கண்டவுடன் கணினியின் தலையைத் தட்டி, "சபாஷ் அப்பு" என்றார். அன்று முதல் அந்தத் துறையில் கணினிக்கு அப்பு என்றே பெயர்.

இவ்வளவு பரபரப்பான மனிதர் பழுது பார்க்கும்போது மட்டும் என்னைவிடக் கண்டிப்பானவர் ஆகிவிடுவார். "ஒரு தடவைக்கு ஒரு சாமான். ரெண்டை மாத்துனா ரெண்டையும் சந்தேகப்படணும்" என்பது அவர் விதி. முதலில் இணைப்புக் கம்பி, அடுத்து மானிட்டர், அடுத்து காட்சி அட்டை, அதன் பிறகு மென்பொருள். இந்த வரிசை ஒருபோதும் தவறாது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்து, "என்னய்யா ஒங்க வானம், மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார். வரிசைப்படி எல்லாவற்றையும் மாற்றினோம். அவருக்கு மஞ்சள் போகவில்லை. கடைசியில்தான் சவரிமுத்து அவர் முகத்தைக் கவனித்தார். "சார், அந்தக் கூலிங் கிளாஸக் கழட்டுங்க." விதியின் இறுதியில் அன்று ஒரு வரி சேர்ந்தது: "கடைசியா ஆளை மாத்து."

2004-ஆம் ஆண்டை அவர் எப்படி எதிர்பார்த்திருந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு ஜூன் மாதம் சூரியனின் முகத்தைக் கடந்து வெள்ளி செல்லவிருந்தது. அதற்கு முன் நடந்த கடப்பைப் பார்த்தவர் எவரும் அப்போது உயிரோடில்லை. "நம்ம தாத்தாவுக்குக் கெடைக்காதது நமக்குக் கெடைக்குது. இத எங் கண்ணால பாக்கணும் சார்" என்று பேருந்தில், உணவு இடைவேளையில், தேர்வு அறை வாசலில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் அழைத்திருந்தோம். ஜூன் மாதத்தில் கொடைக்கானல் மலைப் பக்கமிருந்து மேகம் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே வானம் மூடிக்கொண்டால் அப்பு காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

கோடை விடுமுறையில் ஒரு காலை ஒத்திகை பார்த்தோம். வெள்ளி சூரியனின் நடுவே வரும் நேரத்தைத் தேர்ந்து, மென்பொருளின் கடிகாரத்தை நிறுத்தினேன். திரையில் பெரிய மஞ்சள் வட்டம். சவரிமுத்து நாற்காலியில் இருந்தார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"வந்துருச்சு சார், வெள்ளி வந்துருச்சு."

"எங்கே?"

"என்ன எங்கேங்கிறீங்க? இந்தா, கருப்பா, பொட்டாட்டம். அட, நகருது பாருங்க."

என் கண்ணுக்கு வட்டம் துப்புரவாக இருந்தது. "சார், கடிகாரம் ஓடவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மீண்டும் திரையைப் பார்த்தார். எழுந்து இணைப்புக் கம்பியை மாற்றினார். புள்ளி இருக்கிறது என்றார். பக்கத்து ஆய்வகத்திலிருந்து மானிட்டரை இருவரும் தூக்கி வந்தோம். அதிலும் இருக்கிறது என்றார். காட்சி அட்டையைக் கழற்றத் திருப்புளியை எடுத்தவர், அதை மேசையிலேயே வைத்துவிட்டார்.

"சாமானா மாத்திக்கிட்டிருக்கேன். செத்த நேரம் நீங்க உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். வெறும் மஞ்சள் வட்டம். அவர் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையை நோக்கி இடக்கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு வலக்கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"வலது கண்ணுல வெள்ளி இருக்கு சார். தெரையிலதான் இல்ல."

அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு கோளாறு. ஒண்ணு அப்புகிட்ட, ஒண்ணு எங்கிட்ட. மொதல்ல இவனப் பாத்துட்டு வாரேன், இருங்க."

அவருடைய விதியையே அவரிடம் எடுத்துச் சொன்னேன். ஒரு தடவைக்கு ஒரு கோளாறு, முதலில் கண். "அப்புவுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்கும்" என்றும் சொன்னேன். அவர் சட்டைப் பையில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு நடந்தார். அன்று நண்பகலே மதுரைக்குப் பேருந்தேறினோம்.

சர்க்கரை நோயினால் விழித்திரையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் மருத்துவர். லேசர் சிகிச்சையால் கசிவை நிறுத்தலாம். இருக்கும் புள்ளி மெல்லத்தான் கரையும். இன்னும் தாமதித்திருந்தால் பார்வை போயிருக்கக்கூடும். இடக்கண்ணிலும் கசிவின் தொடக்கம் இருந்தது. "ஜூன்ல ஒண்ணு பாக்கணும் டாக்டர்" என்றார் சவரிமுத்து. "என்ன பாக்கணும்?" என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. சூரியக் குடும்பம் முழுவதையும் மேசை மேலிருந்த காகித எடைகளைக் கொண்டு விளக்கிவிட்டுத்தான் இவர் எழுந்தார்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் திரையைப் பார்க்க வேண்டாம் என்று ரோஸி தடுத்துவிட்டார். எனவே அவர் வீட்டிலும் நான் துறையிலுமாகத் தொலைபேசியில் அப்புவைப் பழுது பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் திரையைப் படித்துச் சொல்வேன்.

"சூரியனை எடுத்துட்டா வெள்ளி தெரியுதா?"

"தெரிகிறது."

"சூரியன் வந்தா?"

"மறைகிறது."

"அப்ப வெள்ளிய வரையிறான். ஆனா சூரியனுக்குப் பின்னாடி வச்சு வரையிறான். எது முன்ன, எது பின்னன்னு தூரக் கணக்கு வச்சுக்க அவனுக்கு எடம் பத்தல. நெறத்துக்கு எடத்தக் கொறச்சா தூரத்துக்கும் கொறஞ்சிரும். நெறம் எத்தன பிட்டுல இருக்கு?"

பதினாறு. கணினி வேகமாக ஓடட்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து குறைத்து வைத்ததுதான். முப்பத்திரண்டாக உயர்த்தி மென்பொருளை மீண்டும் திறந்தேன். மஞ்சள் வட்டத்தின் மேல் கருப்பாக, உருண்டையாக, அசையாமல் ஒரு புள்ளி. என் குரல் உயர்ந்துவிட்டது போலும், "தெரியுதா? நெசமாத் தெரியுதா?" என்று அவரும் கத்தினார். உடனே, "இருங்க, ஆளை மாத்துங்க" என்றார்.

வராந்தாவில் இருந்த காவலாளியை அழைத்து உட்கார வைத்தேன். எதையும் சொல்லாமல், என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். அவர் திரையருகே குனிந்து பார்த்தார். "மஞ்சத் தட்டுல மொளகு ஒண்ணு கெடக்கு சார். தொடச்சு விடவா?"

தொலைபேசியில் சவரிமுத்து கைதட்டும் ஓசை கேட்டது. தொடர்ந்து, "கண்ணுக்கு மருந்து விட்டுட்டு ஆட்டம் என்ன வேண்டிக்கெடக்கு?" என்று ரோஸி அதட்டுவதும் கேட்டது.

கடப்பு நாளன்று, எதிர்பார்த்தபடியே, காலையில் மேகம் மூடிக்கொண்டது. பிள்ளைகள் அப்புவின் மிளகைத்தான் வரிசையாக வந்து பார்த்தார்கள். நண்பகலுக்குப் பின் வானம் விலகியது. முற்றத்தில் தொலைநோக்கியின் வழியே வெள்ளை அட்டையில் சூரியனை விழ வைத்தோம். பிள்ளைகள் எல்லோரும் பார்த்து முடிக்கும் வரை சவரிமுத்து அட்டையின் பக்கம் திரும்பவேயில்லை. கடைசியாக என்னிடம் வந்தார்.

"எங்க இருக்குன்னு சொல்லிராதீங்க. நாஞ் சொல்றேன். சரியான்னு மட்டும் சொல்லுங்க."

வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பென்சில் முனையை மெதுவாகக் கொண்டுபோய் அட்டையில் ஓரிடத்தில் வைத்தார். முனையின் அடியில் வெள்ளி இருந்தது.

"சரி" என்றேன்.

அவர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு கையை எடுத்து இரு கண்களாலும் பார்த்தார். "இப்ப ரெண்டு வெள்ளி தெரியுது சார். ஒண்ணு சாயங்காலம் போயிரும். இன்னொண்ணு எங்கூட வீட்டுக்கு வரும்."

வீட்டுக்கு வந்த வெள்ளியும் அவ்வாண்டு இறுதிக்குள் கரைந்துபோயிற்று. ரோஸி தொலைபேசியில் சொன்ன வாக்கியத்தின் பொருள் இதுவே.

அடக்கம் முடிந்த வாரம் மன்றம் வழக்கம்போல் கூடியது. புதிய கணினியில் வியாழனின் நிலவுகளைத் திரையில் வரவழைத்தேன். நான்கும் தெளிவாகத் தெரிந்தன. முன்பெல்லாம் அத்துடன் நிறைவடைந்து அடுத்ததற்குப் போய்விடுவேன். அன்று என்னை அறியாமலே எழுந்தேன். பக்கத்தில் நின்றிருந்தவரிடம் நாற்காலியைத் தள்ளினேன். சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியந்தான்; அதை அவர் சொன்னபடியே சொன்னேன்: "செத்த நேரம் நீங்க உக்காந்து பாருங்க."