பங்களாவில் நடத்திய பழைய சித்திரை

வருடப் பிறப்பன்று நீங்கள் எல்லாரும் என்ன செய்தீர்கள்? நான் கப்பல்துறைப் பக்கம் ஒரு பங்களாவின் புற்றரையில் நின்று நெல் குற்றினேன். சிரிக்காதீர்கள். எனக்குக் குற்றத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்களாக்காரர் கொழும்பு நீதிமன்றங்களில் பெயரெடுத்த சட்டத்தரணி. ஓய்வெடுக்க இங்கே வீடு வாங்கினார். ஓய்வு சரிவரவில்லை போலும்... 'நூறு வருடத்துக்கு முந்திய சித்திரை'யைத் தன் வீட்டில் அப்படியே நடத்திக் காட்டப்போவதாக நண்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். நூறு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் இருந்தவன் ஒரு வெள்ளைக்காரன். அவன் எந்தச் சித்திரைக்குப் பொங்கினான்?

இதை நான் கேட்கவில்லை. நான் அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் வரைபவள். எது எங்கே வரவேண்டுமென்று ஒரு பிளானும் பட்டியலும் வேண்டுமென்றார். அளவு நாடாவோடு போய்விட்டேன்.

மாமரத்தின் தெற்குக் கொப்பில் ஊஞ்சல். வாசலில் மாட்டு வண்டில் — மாடு இல்லாமல், விருந்தினர் பயப்படுவார்களாம். பொங்கல் பானை, படம் எடுக்க வெளிச்சம் விழும் இடத்தில். வருடம் விடியற்காலையிலேயே பிறந்துவிடுமே என்றேன். "கார்கள் வர பத்து மணியாகும், மிஸ்" என்றார். வருடம் காத்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

வருடத்தன்று பத்தரை ஆகியும் ஒரு காரும் வரவில்லை. உரலடியில், இரவல் சிவப்புச் சேலையோடு, ராசம்மாக்கா நின்றார். பங்களாவின் சமையற்காரி. ஊர் குடாவுக்கு அந்தப் பக்கம், கிளிவெட்டி.

"பிள்ளை, பதினொரு மணி பஸ்ஸை விட்டா மூதூர் லாஞ்ச் போயிரும். இண்டைக்கு அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. மகளுக்குக் கலியாணம் முடிஞ்சு முதல் வருசம். மருமகன் பின்னேரம் வாறார். மாமி வீட்டில இல்லையெண்டா மனிசன் என்ன நினைப்பார்?"

"ஐயாவிட்டச் சொன்னீங்களா அக்கா?"

"சொன்னனான். குத்திப்போட்டுப் போகட்டாம். வருசத்தண்டு ஆர் பிள்ளை நெல்லுக் குத்துறது? அதெல்லாம் போன கிழமையே முடிச்சிருப்பம். ஆரும் கண்டா விசரெண்டுதான் சொல்லுவினம்."

நான் பங்களாக்காரரிடம் போனேன். அவர் அசையவில்லை.

"ஏலாது, மிஸ். அவள் போனா எல்லாம் குலைஞ்சுபோம்." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "இஞ்ச பாருங்கோ. நாலாவது — நெல் குற்றும் பெண், ஒண்டு. உங்கட எழுத்துத்தானே?"

என் எழுத்துத்தான். பக்கத்தில் 'சேலை சிவப்பு' என்றும் எழுதியிருந்தேன். வண்டிலுக்கும் பானைக்கும் நடுவில், ஓர் ஆளையும் சாமானாக எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் வருடத்தன்று செய்யாத வேலையைச் செய்ய! அதுவரை அவரை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் என்னையும் ஏசிக்கொண்டேன்.

"பெண் ஒண்டு எண்டுதானே இருக்கு? ராசம்மா எண்டு இல்லையே. நான் நிக்கிறன்" என்றேன்.

சட்டத்தரணி நாலாவதை இன்னொரு தரம் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். சிவப்புச் சேலை கைமாறியது. உலக்கையும்தான்.

"கெதியாப் போங்கோ அக்கா!"

பிறகு கார்கள் வந்தன. கோயிலிலிருந்து வாங்கிவந்த மருத்துநீரைப் பங்களாக்காரர் கண்ணாடிக் கிளாசுகளில் ஊற்றிக் கொடுத்தார். தலையில் வைத்துக் குளிக்கிற நீர் என்று நான் சொல்வதற்குள் ஓர் அம்மையார் பாதியைக் குடித்துவிட்டார். கசப்பென்றாலும் நல்ல குளிர்ச்சியாம்! அதே அம்மையார்தான் என்னைப் படம் பிடித்தார். "அசல் கிராமத்து முகம். பள்ளிக்கூடம் போயிருந்தா இந்தக் களை கெட்டுப்போயிருக்கும்" என்று கணவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நெல்லில் பாதி புல்லில் கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து ராசம்மாக்காவைச் சந்தையில் கண்டேன். கட்டிய கயிற்றை அவிழ்த்த பிறகுதான் லாஞ்சில் ஏறினாராம். மருமகன் படலையைத் திறக்கும்போது இவர் குசினி அடுப்படியில் நின்றிருக்கிறார்.

"பங்களாவில வருசம் எப்பிடியெண்டு மருமகன் கேட்டவர், பிள்ளை."

"என்ன சொன்னீங்கள்?"

"அங்க இன்னும் பிறக்கேல்லை எண்டு சொன்னனான்."